பாரிஸைச் சுற்றிக்கொண்டு மார்செய்ல்ஸுக்கு

1

வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சி போன கப்பல் தபாலில் எனக்கு எழுதியிருந்தார்: “ஐரோப்பாக் கண்டத்தில் ஒரே ஒரு பட்டணத்தைப் பார்க்க வாய்த்தால் எதைப் பார்க்கலாம் என்று தாங்கள் தெரிவிக்க வேண்டும். நான் வரப்போவதில்லை. ஆனாலும் கடையில் நாலு பேர் பேசும்போது நமக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்க வேண்டுமல்லவா?”

அவரைக் காக்க வைப்பது நியாயமில்லை. என் பதில்: மார்செய்ல்ஸ்.

பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் இருக்கிற கப்பல் துறை அது. அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மலைமேல் ஒரு கோயில் தெரிந்தது, ஏறவில்லை. சித்திரசாலை இருப்பதாகச் சொன்னார்கள், போகவில்லை. மீன் நாற்றம் தாராளம். இப்படிப்பட்ட ஊரைப் பாரிஸுக்கு மேலே வைக்கிறானே, இவனுக்குச் சீமைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று அண்ணாச்சி நினைக்கக்கூடும். ஆகையால் சென்ற வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் மனைவியின் அனுமதி வாங்கியிருக்கிறேன். “உள்ளத உள்ளபடி எழுதுறதா இருந்தா எழுதுங்க” என்றாள்.

2

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டைக்காரன். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் உபாத்தியாயராக இருந்தேன். இந்தியாவுக்கு உத்தியோகத்துக்குப் போகிற துரைப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். மனைவி அன்னபாக்கியத்தையும் இரண்டு வயது எஸ்தரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். லண்டனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு கல்லூரி ஊர். மிஸஸ் டாசன் என்ற விதவையின் வீட்டில் மாடியில் குடியிருக்கிறோம். சென்ற வருஷத்தோடு ஏழு வருஷம் முடிந்தது.

ஊருக்கு ஒரு தடவை போய் வரலாம் என்று அன்னபாக்கியம் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் நான் “அடுத்த வருஷம்” என்பேன். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று எப்போதும் இருக்கத்தானே செய்கிறது.

அந்த ஈஸ்டருக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு என் மாமனார் எஸ்தருக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் பாளையங்கோட்டையில் உபதேசியார். ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் நடத்துகிறவர். முத்து முத்தான கையெழுத்து. எஸ்தர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸஸ் டாசனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் சிரித்தாள். எஸ்தரும் சேர்ந்து சிரித்தாள். அன்னபாக்கியம் மாத்திரம் கடிதத்தை வாங்கி நேராகத் திருப்பி, மடித்து, பெட்டியில் வைத்தாள். பிறகு அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“துரைமாருக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிய. நம்ம பிள்ளைக்கு எப்ப சொல்லிக் குடுக்கப் போறிய?”

“அடுத்த வருஷம்” என்றேன். பழக்கதோஷம்.

எஸ்தருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இந்தக் குறிப்புகளில் கடைசி வரைக்கும், நான் எடுத்துச் சொல்லாத இடமெல்லாம், அவள் பேசுவது இங்கிலீஷ் என்று வாசகர்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

என் மாணாக்கர்களில் ஹாக்கின்ஸ் என்று ஒருவர். நல்ல பிள்ளை, நாக்குத்தான் தமிழுக்கு வளையாது. பரீட்சை செய்கிறவர் நம் பக்கத்தில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழத்துரை. முதல் வருஷம், “நிலம் அளக்கவேண்டும், கயிறு கொண்டுவரும்படி கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போடும்” என்றார். ஹாக்கின்ஸ் நிமிர்ந்து நின்று, “கணக்கப்பிள்ளையே, உமது வயிற்றைக் கொண்டுவாரும்” என்றார். இரண்டாம் வருஷம் கயிறு சரியாக வந்தது. ஆனால் நிலத்தை அளக்காமல் அழவைத்துவிட்டார். மூன்றாம் வருஷம் எந்தப் புண்ணியத்திலோ தேறிவிட்டார்.

அவருடைய தகப்பனார் பிரயாண ஏற்பாடுகள் செய்கிற ஒரு கம்பெனியில் பங்குதாரர். மகன் தேறிய சந்தோஷத்தில் எனக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பிரான்ஸ் தேசத்தில் நாங்கள் விரும்புகிற ஏதாவது ஒரு பட்டணத்துக்குக் குடும்பத்தோடு போய்வர மூன்று பேருக்கு டிக்கெட்டு. கூடவே அச்சடித்த தாள் ஒன்று. அதில் பெயர், வயது, என்ன தொழில், என்ன மதம், மூட்டை எத்தனை, நாய் உண்டா என்றெல்லாம் இருபது கேள்வி. சேருமிடம் என்பதற்கு எதிரே ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு. ஒரு ஊர்ப்பெயருக்குத்தான் இடம்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டு, “பாரிஸ்தானே?” என்றேன். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

“பாரிஸ்!” என்று எஸ்தர் குதித்தாள். அவளுக்கு அந்த இரும்புக் கோபுரத்தின்மேல் ஏற வேண்டும்.

அன்னபாக்கியம் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். ஊரில் மிஷன் அம்மாமாரிடம் கற்றுக்கொண்ட கை. இங்கே சீமாட்டிகள் வாங்கிக்கொள்கிறார்கள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “மார்சேல்சு” என்றாள்.

“என்னது?”

“மார்சேல்சுக்குப் போவோம்.”

“ஏளா, அங்க என்னத்தப் பாக்க?”

“கடலு.”

“கடல் இங்கயுந்தான் இருக்கு.”

“இது கறுப்பாக் கிடக்கு. அது நீலமாம்.”

மிஸஸ் டாசனைக் கேட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “மார்செய்ல்ஸ் உடம்புக்கு நல்லது என்பார்கள்” என்றாள். வழக்கமாகப் பிரான்சைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாதவள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வோட்டெடுப்பு வைத்தேன். பாரிஸுக்கு இரண்டு, மார்செய்ல்ஸுக்கு ஒன்று. “ஆயிற்று” என்று தாளை மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன், மறுநாள் எழுதி அனுப்பலாம் என்று. மறுநாள் காலை எஸ்தர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அப்பா, நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் மார்செய்ல்ஸ்” என்றாள்.

“கோபுரம்?”

“கோபுரம் எங்கேயும் போய்விடாது.”

இது ஒன்பது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா? அதன் பிறகு அவள் கேட்ட கேள்விகள் இன்னும் விசித்திரம். “அப்பா, பறக்கும் மீன் எவ்வளவு தூரம் பறக்கும்?” “ஒட்டகம் கடிக்குமா?” பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடக்கிறது போலும் என்று நினைத்து, நானும் பொறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

4

அன்னபாக்கியம் சண்டை போடுகிறவள் அல்ல. அதுதான் என் கஷ்டம். கலியாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை குற்றாலத்துக்குப் போகலாம் என்று நான் ஏற்பாடு செய்தேன். அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து தென்காசிப் பக்கம் புதிதாக ரயில் விட்டிருந்தார்கள். அவள் பாபநாசம் போகலாம் என்றாள். அங்கே கூட்டமிருக்காது, ஆற்றில் நிம்மதியாகக் குளிக்கலாம் என்பது அவள் கட்சி. நான் குற்றாலத்தின் பெருமையை வீட்டில் தொடங்கி, ரயில் ஏறி, சேரன்மகாதேவி தாண்டுகிற வரைக்கும் எடுத்துச் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கேட்டுக்கொண்டே வந்தாள்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் தென்காசி, குற்றாலம். வண்டி அம்பாசமுத்திரத்தில் நின்றதும், “தண்ணி பிடிச்சிட்டு வாரேன்” என்று அவள் இறங்கினாள். தூக்குச்சட்டி, துணிமூட்டை, என் குடை மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் பிடிக்கக் குடை எதற்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வண்டி ஊதிவிட்டது. அவள் பிளாட்பாரத்தில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்ததில் வேட்டி கிழிந்ததுதான் மிச்சம்.

பாபநாசத்தில் அன்றைக்குத் தாமிரபரணி தெளிவாக ஓடியது. மாலை வரைக்கும் குளித்தோம். குற்றாலத்தில் அன்றைக்குத் தண்ணீரே விழவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

சேருமிடம் என்ற கோட்டுக்கு மேலே மார்செய்ல்ஸ் என்று எழுதியபோது அந்தப் பிளாட்பாரம் நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். வரவில்லை.

5

டோவரில் கப்பல் ஏறி, கால்வாயைத் தாண்டி, கலே என்கிற பிரெஞ்சுத் துறையில் இறங்கினோம். நான் மூன்று மாதமாகப் புத்தகம் வைத்துப் பிரெஞ்சு படித்திருந்தேன். புத்தகத்தில் ஒருவன் கேள்வி கேட்டால் மற்றவன் கேள்வியை முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். கலேயில் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

சுங்கச் சாவடி என்பது நீண்ட கொட்டகை. நடுவில் தாழ்வான மேடை. பெட்டிகளை அதன்மேல் வைத்துத் திறந்து காட்ட வேண்டும். எங்கள் பெட்டிக்கு வந்த அதிகாரி மீசையை இரண்டு பக்கமும் ஊசியாக முறுக்கியிருந்தார். “என்ன இருக்கிறது?” என்றார். “பத்து நாளைக்கு மாற்றுடுப்பு” என்று புத்தகத்தில் உள்ளபடியே சொன்னேன்.

அவர் மூடியைத் தூக்கினார். மேலே கத்திரிக்கோல்கள். பத்து. அதற்கு அடியில் ஊசிக் கட்டுகள், நூலுருண்டைகள், தகர டப்பாவில் பிஸ்கோத்து, நாலைந்து கைக்குழந்தைத் தொப்பி, ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய நூல் சேலைகள், இங்கே ஏழு வருஷமாக வெளியே எடுக்காதவை.

“ஐயா வியாபாரியோ?” என்றார் அதிகாரி.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். “ஏளா, என்ன இதெல்லாம்?”

“சாமான்.”

“பத்து நாளைக்குப் பத்துக் கத்திரியா?”

“ஊருல பொம்பளையளுக்குக் குடுக்கணும்லா.”

“எந்த ஊருல?”

“நம்ம ஊருலதான். நானும் எஸ்தரும் போயிட்டு வாரோம். மார்சேல்சுல வியாழக்கிழமை கப்பல். மிஸஸ் டாசன் எழுதிக் கேட்டு இடம் சொல்லி வச்சிருக்கா. லேஸ் வித்தது கையில இருக்கு.”

அதை அவள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மீசைக்காரர் வெந்நீர்ப் பையைத் தூக்கிப் பிடித்து, இது மிருகமா, வாத்தியமா என்று ஆராய்கிறார்.

“இத்தன நாளும் சொல்லலையே!” என்றேன்.

“மெதுவாப் பேசுங்க.”

“நான் மெதுவாத்தான் பேசுதேன்!”

“நீங்க கத்துதிய. நான்தான் பையப் பேசுதேன்.”

“பாளையங்கோட்டை வெயிலுக்கு வெந்நீர்ப் பையா?”

“எங்கப்பாவுக்கு முழங்கால் வலி.”

நாங்கள் கத்திரிக்கோல்களுக்குத் தீர்வை கட்டுவது பற்றிச் சண்டை போடுகிறோம் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார் போலும். குடும்பஸ்தர் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என்னை இரக்கத்தோடு ஒரு தரம் பார்த்தார். மூடியைச் சாத்தி, பெட்டிமேல் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

“ஒட்டகம் சூயஸில் இருக்குமாம் அப்பா” என்றாள் எஸ்தர். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த ரகசியம் போய்விட்ட நிம்மதியில் அவள் முகம் பளபளவென்று இருந்தது.

6

மார்செய்ல்ஸ் போகிற ரயில் பெட்டி பாரிஸ் நகரத்தின் நடுவே போகாது. வடக்கு ஸ்டேஷனில் கொஞ்சம் நின்றுவிட்டு, ஊரைச் சுற்றி ஓடுகிற ஒரு பாதையில் போய்த் தெற்கத்தி வண்டியோடு சேர்ந்துகொள்ளும். ஆகையால் நான் பாரிஸைப் பார்த்தேன் என்று சொல்லலாம். முதுகுப்புறத்தை மட்டும் பார்த்தேன். உலர்கிற துணிகள், நிலக்கரிக் குவியல், சுவர், மறுபடியும் சுவர், ஒரு ஜன்னலில் வெங்காயம் உரிக்கிற ஒரு கிழவர்.

எனக்கு அதெல்லாம் மனசில் ஒட்டவில்லை. அவளைத் தடுக்கிற வழிகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“செங்கடல்ல வெயில் தாங்காது” என்றேன்.

“பாளையங்கோட்டைக்காரிக்கு வெயிலா?”

“பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போயிரும்.”

“எங்கப்பா பள்ளிக்கூடந்தான் நடத்துதாவ. தலைகீழாப் பிடிச்ச கடிதாசிய நேராப் பிடிக்கப் படிச்சிட்டு வரட்டும்.”

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இப்போது நெஞ்சில் குத்தியது.

“எனக்குச் சாப்பாடு?”

“மிஸஸ் டாசனுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தாச்சு.”

“மிஸஸ் டாசன் ரசமா!”

“கொஞ்சம் சீனி போடுதா. நீங்க பைய எடுத்துச் சொல்லுங்க.”

இப்படிச் சாப்பாடு, கம்பளி, சுருக்குப்பை, சாவி என்று எல்லாவற்றையும் கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மாத்திரம் கேட்கவில்லை. வந்த முதல் குளிர்காலத்தில் அவள் அடுப்பருகே உட்கார்ந்து அழுததை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். ஏழு வருஷம் வாய் திறக்காதவள், பத்துக் கத்திரிக்கோலோடு கப்பல் ஏறுகிறாள். அவள் திரும்பி வருவாளா?

“அதுதான் கோபுரமா அப்பா?” என்று எஸ்தர் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு கேட்டாள். அது ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி. “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். கடவுள் மன்னிக்கட்டும்.

7

மார்செய்ல்ஸில் வெயில் அடித்தது. ஸ்டேஷன் படிகளில் இறங்கும்போது அன்னபாக்கியம் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே அவள் அதைக் கழற்றி நான் ஏழு வருஷத்தில் பார்த்ததில்லை. கடல் அவள் சொன்னது போலவே நீலமாக இருந்தது. அதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை கப்பல் ஆபீஸுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் தொப்பியும் நீளக் கோட்டுமாக ஒருவர் நின்றார். அன்னபாக்கியம் எஸ்தரைப் பார்த்து, “ஏட்டி, காலத் தேச்சிக்கிட்டு நடக்காத” என்றாள். அந்த மனிதர் சடாரென்று திரும்பினார்.

“யா அல்லாஹ்! நம்ம ஊருப் பேச்சுலா இது! நீங்க எங்கன?”

“பாளையங்கோட்டை.”

“நமக்குக் காயல்பட்டணம். கொழும்புல ரத்தினக் கல்லு வியாபாரம்.” சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “நாலு நாளாச்சு தம்பி, வாயத் தொறந்து பேசி. கைச்சாடையிலயே பேசிப் பேசித் தோள் வலிக்குது. சோறுன்னு கேட்டா ரொட்டி தாரான். மீன்னு கேட்டாலும் ரொட்டி தாரான்.”

அவரும் அதே வியாழக்கிழமைக் கப்பல். மரைக்காயர் என்று அழைத்தால் போதும் என்றார். “தங்கச்சியும் பிள்ளையும் வாரதா இருந்தா கொழும்பு வரைக்கும் என் பொறுப்பு. அங்கன தூத்துக்குடிக் கப்பல்ல ஏத்தி விட்டுட்டுத்தான் கடைக்குப் போவேன்” என்று, நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்தார். அன்னபாக்கியம் கூடையிலிருந்து ஒரு சிறு ஊறுகாய் ஜாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மூடியோடு முகர்ந்து பார்த்துவிட்டு, கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. குமாஸ்தா பெயர்களைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். என் மூன்று மாதப் பிரெஞ்சுக்கு அந்த ஒரு கேள்விதான் தெளிவாக விளங்கியது. போவதற்கு மட்டுமா, போய்த் திரும்புவதற்கா?

நான் தொண்டையைச் செருமினேன். கலேயிலிருந்து கேட்க முடியாமல் வந்ததை இப்போது மொழிபெயர்த்துச் சொன்னால் போதும்.

“அவரு கேக்குதாரு” என்றேன். “போறதுக்கு மட்டுமான்னு. இல்ல… திரும்பி வாரதுக்கும் சேத்தான்னு.”

அன்னபாக்கியம் என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“கேக்குதது அவரா, நீங்களா?”

“அவருதான்.”

“அப்ப அவருட்டச் சொல்லுங்க, திரும்பி வாரதுக்கும் சேத்துத்தான்னு. நீங்க கேட்டா வேற சொல்லுவேன்.”

“என்ன சொல்லுவ?”

“கூட வாங்கன்னு சொல்லுவேன்.”

நான் குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் எழுதினார். கல்லூரி திறக்க எட்டு நாள்தான் இருந்தது. நான் அவர்களோடு போக முடியாது. அதை அவளும் அறிவாள். மரைக்காயர் என் பக்கம் குனிந்து, “என்ன தம்பி, கண்ணு கலங்குது? இந்த ஊர்க் காத்து பொல்லாதது, மண்ண வாரி அடிக்கும்” என்றார். “ஆமாம், காற்றுத்தான்” என்றேன். நாங்கள் நின்றது ஜன்னலெல்லாம் சாத்திய அறை.

வியாழக்கிழமை கப்பல் நகர்ந்தபோது எஸ்தர் மேல்தட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அன்னபாக்கியம் ஒரு கையை ஆட்டினாள். மற்றக் கையால் பிள்ளையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மரைக்காயர் ஊறுகாய் ஜாடியை ஆட்டினார்.

8

திரும்புகிற வழியில் பாரிஸில் ஒரு நாள் இறங்கினேன். நான் இஷ்டப்பட்ட ஊர், தடுக்க ஆளில்லை. கோபுரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். உயரந்தான். “எம்மாடி, எவ்வளவு உயரம்!” என்று சொல்ல வாயெடுத்தேன், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்தான் நின்றிருந்தார்.

பசி எடுத்தது. ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய், பிரெஞ்சில் சோற்றுக்கு என்ன பெயரோ அதைச் சுத்தமாக உச்சரித்துக் கேட்டேன். பரிசாரகன் மிகவும் மரியாதையாக வணங்கிப் போய், குழம்பில் மிதக்கிற வெள்ளைத் துண்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து வைத்தான். தின்றுவிட்டுத்தான் விசாரித்தேன். கன்றுக்குட்டியின் கழுத்துச் சதையாம். அதற்கும் சோற்றுக்கும் அந்தப் பாஷையில் உச்சரிப்பு ஒன்றேயாம், எழுத்துத்தான் வேறாம். கயிற்றுக்கு வயிறு சொன்ன ஹாக்கின்ஸை நாங்கள் இரண்டு வருஷம் தேறவிடாமல் வாட்டினோமே என்று அந்த மேஜையில் உட்கார்ந்து வருந்தினேன்.

அதன் பிறகு எட்டு மாதம். மிஸஸ் டாசனின் ரசத்தைப் பற்றி எழுதினால் அந்த அம்மாளுக்கு நன்றி கெட்டவனாவேன், அதை விட்டுவிடுகிறேன். சாயங்காலம் பாடம் முடிந்து மாடி ஏறினால் தமிழ்ச் சத்தமே இருக்காது. ஊறுகாய் ஜாடிகளின்மேல் அன்னபாக்கியம் ஒட்டியிருந்த சீட்டுகளைச் சில நாள் உரக்க வாசித்திருக்கிறேன். “மாங்காய். சித்திரைக்கு முன் தீர்க்கவும்.”

எஸ்தரின் கடிதங்கள் கப்பல் தபாலில் வந்தன. முதல் கடிதம் முழுக்க இங்கிலீஷ். வெயில், கொசு, தாத்தா பிரம்பு வைத்திருக்கிறார் என்று மூன்று பக்கமும் புகார். இரண்டாம் மாதம் அடியில் ஒரு வரி தமிழ் வந்தது: “அப்பா நாண் சுகம்.” ஆற்றில் தலை முழுகிக் குளிக்கப் பழகியதை நாலாம் மாதம் முழுக்கத் தமிழிலேயே எழுதியிருந்தாள். ஏழெட்டுப் பிழைகள் இருந்தன. நான் சிவப்பு மையால் எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் விதியையும் எழுதி, அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து அன்னபாக்கியத்திடமிருந்து ஒரு வரி வந்தது.

“பிள்ளை கடிதாசியைத் திருத்தி அனுப்பாதீர்கள். பதில் எழுதுங்கள்.”

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். என் மகளுக்கு நான் தமிழில் எழுதிய முதல் கடிதம் அது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன்.

9

திரும்பி வந்த கப்பல் நேராக லண்டன் துறைக்கே வந்தது. ஐப்பசி அடைமழை மாதிரி மழை. இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்க் குடையோடு நின்றேன். இரவல் குடை, என்னுடையதை அன்னபாக்கியம் கொண்டுபோயிருந்தாள்.

வழியெல்லாம் ரயிலில் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். பிள்ளையைக் கண்டதும் இன்ன இன்ன கேட்க வேண்டும், எளிய சொற்களாகப் பார்த்துக் கேட்க வேண்டும், அவள் தடுமாறினால் பொறுமையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். துரைப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் தயாரிப்பது போலவே தயாரித்து வைத்திருந்தேன்.

பலகைப் படியில் முதலில் அன்னபாக்கியம் இறங்கினாள். கறுத்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு ஒரு பெண். எட்டு மாதத்தில் இப்படி வளர்வார்களா? அவள் என் எதிரே வந்து நின்றாள். கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள், தமிழில்:

“என்னப்பா, சொகமா இருக்கியளா? மெலிஞ்சி போயிட்டியளே. நேரத்துக்குச் சாப்பிடுதியளா இல்லியா?”

என் மாமனார் பேசுகிற பேச்சு, இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. நான் தயாரித்து வைத்திருந்த பாடம் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“ஐ ஆம் வெரி வெல், தேங்க் யூ.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏம்மா, அப்பாவுக்குத் தமிழ் மறந்து போச்சா?”

அன்னபாக்கியம் என் கையிலிருந்த குடையை வாங்கி என் தலைக்கு மேலேயே பிடித்தாள். நான் அதை உயர்த்திப் பிடிக்க மறந்து மழையில் நின்றிருக்கிறேன்.

“பைய வரும், மக்கா” என்றாள். “நாமதான் வந்துட்டோம்லா.”